இராஜதுரையின் வலக்கண்

பயற்றந் தலையணையைக் கல்மதிலின் மேல் வைத்து, நடுவில் முழங்கையால் ஒரு குழி அமுக்கி, அந்தக் குழிக்குள் நீள லென்ஸைப் படுக்கவைக்கிறார் இராஜதுரை. பிறகு பச்சையும் மண்ணிறமும் கலந்த, இடுப்பில் உடுத்துப் பழசான சாரம் ஒன்று தோளிலிருந்து இறங்குகிறது. அதைக் கமராவின் மேலும் தன் தலையின் மேலும் சேர்த்துப் போர்த்துக்கொண்டு அவர் குந்திவிட்டால், தூரத்தில் வருகிறவர்களுக்கு மதிலோரம் யாரோ ஒரு மூட்டையை மறந்துவிட்டுப் போனது போலத்தான் தெரியும். மூட்டைக்குள்ளிருந்து இடைக்கிடை ஒரு குரல் வரும்.

"வா ராசா, வா. அவசரமில்லை, ஆறுதலாய் வா."

ராசா என்பது மேலே செங்குத்துப் பாறையில் குடியிருக்கும் பைரி. கன்னத்தில் கறுத்த மீசை வைத்த வேட்டைப் பறவை. கீழே ஒரு புறாவைக் கண்டால் சிறகை மடித்துக்கொண்டு கல் விழுவதுபோல் விழும். இராஜதுரை அந்தப் பைரியை வருடக்கணக்காகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அது ஒருநாளும் அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அவருக்கு அதில் கோபமும் இல்லை. "அது எங்கடை அலுவலுக்கு வராது, தன்ரை அலுவலாய்த்தான் வரும்" என்பார்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்துத் தமிழருக்கு மலை என்றால் மொந்தே பெல்லெக்ரீனோ ஒன்றுதான். அதன் உச்சிக் குகையில் சாந்தா ரொசாலியா என்ற புனித மாதா இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைவமும் கிறிஸ்தவ வேதமும் என்ற பேதமில்லாமல் எங்கள் சனம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பழைய கல்பாதையால் ஏறும். பிள்ளைக்குப் படிப்பு, மனிசனுக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, முழங்காலுக்குச் சுகம் என்று ஆளுக்கொரு நேர்த்தி. இராஜதுரையும் எல்லோரோடும் சேர்ந்துதான் புறப்படுவார். ஆனால் சப்பாத்தோடு வருவார், பாதி வழியில் உள்ள இந்த வளைவோடு நின்றுவிடுவார். இருபது வருடத்தில் ஒரே ஒருதரம் தவிர அதற்கு மேல் ஏறியதில்லை.

"என்ன இராசதுரை அண்ணை, மாதா மேலை இருக்கிறா. நீங்கள் இஞ்சை ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று ஏறுகிறவர்கள் சீண்டுவார்கள்.

"அவ ஓடமாட்டா. இது ஓடிப்போம்" என்று மூட்டை பதில் சொல்லும்.

அவருடைய மனைவி ஞானம்பிகை வெறுங்காலோடு அந்த வளைவைக் கடக்கும்போது மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா. அதற்கொரு காரணம் இருக்கிறது. அந்தப் பயற்றந் தலையணை அவவுடைய தலையணை உறை. உள்ளே இருப்பதும் அவவுடைய சமையலறைப் பயறு. கமராவுக்கு ஒரு முக்காலி வாங்குங்கள் என்று யார் சொன்னாலும் இராஜதுரைக்குப் பிடிப்பதில்லை. "மூண்டு காலையும் நான் விரிச்சு முடியமுந்திக் குருவி கடலைத் தாண்டியிடும்" என்பார். ஒருமுறை மலையில் நல்ல மழை. நனைந்த தலையணையைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனார். அந்தக் கிழமை கூட்ட வந்த ஞானம்பிகை கட்டிலுக்குக் கீழே பச்சையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது என்று குனிந்தா. துணியைத் துளைத்துக்கொண்டு பயறு முளைவிட்டிருந்தது. முளையைப் பிடுங்கி, தேங்காய்ப்பூப் போட்டுத் தாளித்து, அவருடைய தட்டில் வைத்தா. "உங்கடை கமராச் சாமான்தான், சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து பயறு பிளாஸ்டிக் பைக்குள் கட்டப்பட்டுத்தான் உறைக்குள் போகிறது.

இராஜதுரைக்கு ஐம்பத்தாறு வயது. வாரநாளில் வியா லிபெர்த்தாப் பக்கம் வயதான ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. சமையல், துப்பரவு, மருந்துக்கடை, பூச்சாடி எல்லாம் அவர் கையில். வீடு அல்பெர்கேரியாவில், பல்லாரோச் சந்தையின் கூவல் யன்னலுக்குள் ஏறி வருகிற ஒரு ஒடுங்கிய சந்தில். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவருக்கென்று உள்ள ஒரே சொத்து அந்தக் கமரா. பியாட்சா மரீனாவின் ஞாயிற்றுப் பழைய சாமான் சந்தையில், மனைவியை இழந்த ஒரு பெரியவர் விற்க வைத்திருந்தது. உடம்பு தேய்ந்து, மூலைகளில் கறுப்புப் போய் வெள்ளைத் தகரம் தெரியும். ஆனால் அதை அவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்போது சின்னப் பிள்ளையைத் தூக்குகிற பக்குவம் வந்துவிடும்.

சந்துமுனையில் கைபேசிக் கடை வைத்திருக்கும் பிறின்ஸ் இந்த விடயத்தில் அவரோடு முட்டிக்கொண்டே இருப்பான். "அண்ணை, உதை எறிஞ்சுபோட்டு ஒரு மிரர்லெஸ் எடுங்கோ. உலகம் எங்கையோ போட்டுது. பின்னாலை ஸ்கிரீனிலையே எல்லாம் வடிவாய்த் தெரியும்."

"ஸ்கிரீன் பார்க்கிறதெண்டால் நான் வீட்டிலை இருந்து டீவி பார்ப்பனே. கமரா எண்டால் கண்ணை வைச்சுப் பார்க்கோணும்."

"தாங்கோ ஒருக்கால், செற்றிங்கையாவது பார்ப்பம்."

"படத்தைப் பார். கமராவிலை கை வைக்காதை."

இதுதான் அவருடைய சட்டம். படத்தை யாரும் பார்க்கலாம், கமராவை ஒருவரும் தொடக்கூடாது. வார் எப்போதும் அவர் கழுத்தில்தான். பஸ்ஸில் நெரிசல் என்றாலும், வளைவில் குந்தியிருந்தாலும், சாண்ட்விச் தின்றாலும் அது கழுத்தை விட்டு இறங்காது. முன்பக்கத்துப் பெரிய கண்ணாடியைத் துடைப்பது தனிச் சடங்கு. ரப்பர்க் குமிழால் காற்று ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, மஞ்சள் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் துடைப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

ஊரில் ஒருவர் கமராவோடு திரிந்தால் சனம் சும்மா விடுமா? சாமத்திய வீடு, பிறந்தநாள், கல்யாணம் என்று கேட்டு வந்தார்கள். "மனிசர் கமராவைக் கண்டால் சிரிக்குதுகள். குருவி ஒருநாளும் எனக்காகச் சிரிக்கிறேல்லை" என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தார். ஒருமுறை தட்டமுடியாமல் சொந்தக்காரப் பெண் அமலினியின் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் வில்லா ஜூலியாப் பூங்காவில் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். அந்தப் பூங்காவில் பச்சைக் கிளிகள் கூட்டமாகக் குடியிருப்பதை யாரும் யோசிக்கவில்லை. அல்பம் வந்தபோது பெண்ணும் மாப்பிள்ளையும் பாலில் கரைத்தது போலக் கலங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கிளையில் இருந்த கிளியின் கழுத்து வளையமும், ஒவ்வொரு இறகும், கொத்தின விதையும் ஊசிமுனைபோல் தெளிவாக இருந்தன. அமலினியின் தாய் ஒரு வருடம் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிட்டதும் இல்லை. அவருக்கு அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது.

கமரா அவர் கழுத்தை விட்டு இறங்குவது வருடத்தில் ஒருமுறை, நவராத்திரியின் கடைசி நாட்களில் மட்டும். சரஸ்வதிக்கு முன் வைத்ததை விஜயதசமி வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது ஞானம்பிகையின் உறுதி. கும்பத்துக்குப் பக்கத்தில் மகள் கேசிகாவின் சட்டப் புத்தகங்கள், அவவுடைய தையல் மெஷின், அவற்றுக்கு நடுவில் கமரா.

"மம்மா, எனக்கு எசாமே வருது, புத்தகத்தைத் தாங்கோ!" என்று போன வருடமும் கேசிகா நின்றாள். பல்கலைக்கழகப் பரீட்சை அடுத்த கிழமை.

"அம்மாள் உனக்காகப் படிப்பா. நீ போய்ப் படு."

இராஜதுரை கமராவை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து பட்டுத்துணியில் வைத்தார். வைத்துவிட்டும் போகமாட்டாமல் நின்றார். ஞானம்பிகையின் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

"இஞ்சாரும், பொட்டு வைக்கிறதெண்டால் வையும். ஆனால் முன் கண்ணாடியிலை மட்டும் கை வைச்சுப்போடாதையும். பிறகு நான் மனிசனாய் இருக்கமாட்டன்."

"தெரியும், தெரியும். போங்கோ."

அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் நடக்கிற நடையைப் பார்த்தால் பல்லுப் பிடுங்கப்பட்டவர் போல இருக்கும். கை அடிக்கடி நெஞ்சுப் பக்கம் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். விஜயதசமி காலை ஞானம்பிகை எல்லாவற்றிலும் இருந்த பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, பிரசாதத்தோடு கமராவை அவரிடம் கொடுத்தா. அவர் முன் கண்ணாடியை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தூசு இல்லை. திருப்தியோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிறு வளைவில் உட்கார்ந்து கமராவில் வலக்கண்ணை வைத்தபோதுதான் அது தெரிந்தது. நடுவில் பனிமூட்டம்போல் ஒரு புகார். வெண்மையும் இல்லை, கறுப்பும் இல்லை, மூச்சுப்பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல். பைரி பாறையில் எங்கே இருந்தாலும் அந்த மங்கல் சரியாக அதன் மேல் போய் நின்றது.

முதலில் முன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு லென்ஸையே கழற்றி, பையில் இருந்த சின்ன லென்ஸைப் போட்டார். புகார் அப்படியே இருந்தது. கமராவுக்குள்தான் ஏதோ பிழை என்று நினைத்து, ஒரு படம் எடுத்துப் பின்னால் பெரிதாக்கிப் பார்த்தார். படத்தில் ஒரு குறையும் இல்லை. பாறையின் வெடிப்பும், வெடிப்பில் முளைத்த புல்லும், புல்லில் கிடந்த இறகும் துல்லியமாக இருந்தன. அன்று மாலையே பிறின்ஸின் கடைக்குப் போய்ப் படங்களைக் கணினியில் போட்டுக் காட்டினார்.

"அண்ணை, கமராவிலை ஒரு பிழையும் இல்லை. படமெல்லாம் பளிங்கு மாதிரிக் கிடக்கு. ஏன் கேட்கிறியள்?"

"சும்மா."

சும்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர் சந்துமுனையில் நின்று கணக்குப் பார்த்தார். லென்ஸில் பிழையில்லை. கமராவில் பிழையில்லை. படத்தில் பிழையில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இராஜதுரையின் இடக்கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அதோடு சரி. அவர் பார்ப்பது, வாசிப்பது, மரக்கறி நறுக்குவது, பைரியைப் பிடிப்பது எல்லாம் வலக்கண்ணால். அந்த ஒன்றும் போனால் சிஞ்ஞோராவின் வீடும் இல்லை, மலையும் இல்லை, ராசாவும் இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தார்.

ஒரு மதியம் சமையலறையில் தனியாக நின்று, பிரிட்ஜின் வெள்ளைக் கதவுக்கு முன்னால் இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். உற்றுப் பார்த்தார். வெள்ளையில் இரண்டு மூன்று பூச்சிகள் மிதந்தன. ஒரு நூல் துண்டும் மெல்ல இறங்கியது. அந்த வயதில் யார் வெள்ளைச் சுவரை அப்படி உற்றுப் பார்த்தாலும் நாலு பூச்சி மிதக்கத்தான் செய்யும். அதை அவருக்கு யார் சொல்வது? அவர் கண்டது தன் கண் கழன்று விழுவதன் தொடக்கத்தை.

"என்னப்பா, பிரிட்ஜோடை ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறியளோ?"

வாசலில் ஞானம்பிகை, கையில் சந்தைப் பையோடு. அவர் திரும்பினார். முகத்தைக் கண்டதும் அவவுடைய சிரிப்பு நின்றது.

"வலக்கண் போகுது போலை கிடக்கு" என்றார் இராஜதுரை.

சந்தைப் பை நிலத்தில் சாய்ந்து ஒரு தேசிக்காய் உருண்டு போனது. இருவரும் அதை எடுக்கவில்லை. மாலையில் கேசிகா கண் வைத்தியருக்குப் போன் பண்ணி, இத்தாலியனில் கெஞ்சி, மிரட்டி, கடைசியில் ஒரு நாளை வாங்கினாள். அதுவும் அடுத்த மாதத்தில். "பப்பா, யோசிக்காதேங்கோ. ஓக்குலிஸ்தா பார்த்தால் எல்லாம் சரி வரும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுதாள். ஞானம்பிகை அழவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வருகிற வழியில் வுச்சீரியாச் சந்தையில் ஒரு பழைய வெள்ளிக்கடைக்குள் நுழைந்தா. இந்த ஊர்ச் சனமும் கண்ணுக்கு நேர்ந்தால் வெள்ளிக் கண் செய்துதான் வைக்கும் என்பது அவவுக்குத் தெரியும். நாங்கள் அம்மன் கோயிலில் சாத்துகிற கண்மலரேதான். விரல்நகமளவு இரண்டு கண்களை வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, கைப்பையின் அடியில் வைத்தா.

அந்தக் கிழமைகளில் இராஜதுரை மலைக்குப் போகாமல் விடவில்லை. போனார், பயற்றந் தலையணையை வைத்தார், சாரத்தைப் போர்த்தினார். ஆனால் கமராவில் கண்ணை வைக்காமல் பாறையைச் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தார். பார்க்கக்கூடியதை எல்லாம் இப்போதே பார்த்து வைத்துக்கொள்கிறவர் போல, கடலையும் துறைமுகத்தில் நிற்கிற கப்பலையும் கீழே மொட்டைமாடிகளில் காய்கிற உடுப்பையும் நெடுநேரம் பார்த்தார்.

ஞானம்பிகை நேர்த்தி கொண்டுபோன ஞாயிறும் அப்படித்தான் இருந்தார். வழமையாகக் கடந்துபோகிற வளைவில் அன்று அவ நின்றா. வெறுங்காலில் சின்னக் கற்கள் ஒட்டியிருந்தன. மூட்டை அசையவில்லை, ராசா என்ற குரலும் கேட்கவில்லை. அந்தப் பேச்சில்லாமைதான் அவவுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் மதிலில் சாய்ந்தா.

அப்போதுதான் மேலே ஒரு கீச்சுச் சத்தம். பைரி ஒரு புறாவைத் தூக்கிக்கொண்டு வந்து பாறை விளிம்பில் இறங்கியது. வருடத்தில் இரண்டு தரம்கூடக் கிடைக்காத காட்சி. இராஜதுரையின் கை தானாக எழுந்தது. கமராவில் கண்ணை வைத்தார். புகார் நேராகப் பறவையின் மேல் உட்கார்ந்தது. கண்ணை எடுத்தார்.

"இஞ்சாரும்" என்றார். "நீர் ஒருக்கால் பாரும்."

ஞானம்பிகை நம்பாமல் அவரைப் பார்த்தா. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கமராவில் அவ கண் வைத்ததில்லை. யாரும் வைத்ததில்லை.

"பார்த்து, அது என்ன செய்யுது எண்டு எனக்குச் சொல்லும். இனி நீர்தான் சொல்லோணும்."

ஞானம்பிகை குனிந்தா. வார் அவர் கழுத்திலேயே இருந்ததால் இருவர் தலையும் முட்டிக்கொண்டன. சாரத்துக்குள் இரண்டு மூட்டை. அவ ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை ரப்பர் வளையத்தில் வைத்தா.

"ஓரமெல்லாம் தெரியுது. குருவியைத்தான் தெரியேல்லை. நடுவிலை என்னப்பா, புகார் அடிச்சமாதிரிக் கிடக்கு."

இராஜதுரை சாரத்தை விலக்கினார்.

"என்ன சொன்னீர்?"

"நடுவிலை புகார்."

"ஐயோ, உமக்குமோ!" என்று கத்தினார் மனிதர். தன் கண்ணோடு மனைவியின் கண்ணும் போய்விட்டது என்றே அந்த நொடியில் நினைத்தார். நல்லகாலம், ஞானம்பிகைக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. அவவுக்கு வீட்டில் எதைக் கண்டாலும் முதலில் வருகிற யோசனை அழுக்கு. தலையை விலக்கி, கமராவின் பின்பக்கத்தைச் சூரியனுக்குத் திருப்பி, ரப்பர் வளையத்துக்குள் எட்டிப் பார்த்தா. அந்தச் சின்னக் கண்ணாடியில் ஏதோ காய்ந்து படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினா. மூக்குக்குக் கொண்டுபோனா.

"சந்தனம்" என்றா.

இராஜதுரை அந்த நகத்தையும் கமராவின் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உதிலையும் பொட்டு வைச்சனீரோ?"

"முன்னுக்கு வைக்கவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதுதான் பின்னுக்கு வைச்சனான். பிறகு ஈரத்துணியாலை துடைச்சும் விட்டனான்."

துடைத்தது உண்மைதான். தடித்த பொட்டு போய், மெல்லிய பூச்சு மட்டும் வட்டமாகப் படிந்து தங்கிவிட்டது. முன் கண்ணாடிக்கு ஊதி, தட்டி, வட்டம் வட்டமாகத் துடைத்த மனிதர், தினமும் தன் கண்ணை வைக்கிற கண்ணாடியை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பிறின்ஸின் கையில் அரை நிமிடம் கொடுத்திருந்தால் அவன் சொல்லியிருப்பான். கொடுத்தால்தானே.

ஞானம்பிகை சேலைத் தலைப்பின் நுனியை நாக்கில் நனைத்தா. வேறு நாளாக இருந்தால் மலையே அதிர்ந்திருக்கும். இராஜதுரை வாயைத் திறக்கவில்லை. அவ ரப்பர் வளையத்துக்குள் விரலை விட்டு, பிள்ளையின் காது துடைப்பதுபோல் சுழற்றித் துடைத்தா.

"இப்ப பாருங்கோ."

அவர் பயந்து பயந்து கண்ணை வைத்தார். பாறை விளிம்பு தெரிந்தது. விளிம்பில் மஞ்சள் கால் தெரிந்தது. புறாவின் சாம்பல் இறகு காற்றில் கழன்று போவது தெரிந்தது. கடைசியாகக் கறுத்த மீசை. ஒரு மயிர் குறையாமல் முழு மீசை. பைரி தலையைத் திருப்பி நேராக அவரைப் பார்த்தது. பொத்தானை அமத்த அவருக்கு ஞாபகமே வரவில்லை. மூச்சை விட்டபோது அது விம்மலா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. மதிலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

"அடி உம்மடை சந்தனம்!"

"என்ரை சந்தனமோ? இவ்வளவு நாளும் பஸ் நம்பர் பிழையில்லாமல் வாசிச்சனீங்கள், சோத்திலை கிடந்த கல்லை எடுத்து எனக்குக் காட்டினனீங்கள். அதெல்லாம் எந்தக் கண்ணாலை?" ஞானம்பிகையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. இத்தனை கிழமையும் அழாமல் வைத்திருந்ததெல்லாம் இப்போதுதான் இறங்கியது.

கேசிகாவுக்கு அங்கேயே நின்று போன் எடுத்தார்கள். அவள் முதலில் கத்தினாள், பிறகு கும்பிட்டாள், பிறகு அப்பாவை அவளுக்குத் தெரிந்த எல்லா இத்தாலியச் சொல்லாலும் திட்டினாள். ஆனாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும் என்றாள். குறித்திருந்த நாளில் போனார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, மிதக்கிற பூச்சிகள் மிதந்துகொண்டே இருக்கட்டும், வாசிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார் வைத்தியர். இப்போது மஞ்சள் துணி வெளியே வந்தால் முதலில் பின் கண்ணாடிக்குத்தான் போகிறது.

ஆனால் அந்த ஞாயிறு மலைப்பாதையில் இன்னும் ஒரு அலுவல் மிச்சம் இருந்தது. ஞானம்பிகை முகத்தைத் துடைத்து, கொண்டையைச் சரிசெய்து, கைப்பையைத் தோளில் மாட்டினா.

"சரி, நான் ஏறிப்போட்டு வாறன். நீங்கள் உங்கடை ராசாவோடை இருங்கோ."

"இனி ஏன்? கண்ணுக்குத்தான் ஒண்டுமில்லையே."

"நேர்த்தி வைச்சால் வைச்சதுதான்." மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினா. உள்ளங்கையில் இரண்டு சின்ன வெள்ளிக் கண்கள் வெயிலில் மினுங்கின.

இராஜதுரை அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படி ஒன்று வாங்கப்பட்டது அவருக்குத் தெரியாது. இந்தக் கண்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் தனக்குச் சோறு போட்டா, தேத்தண்ணி தந்தா, ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது மெல்ல மெல்ல உறைத்தது. மேலே பைரி புறாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சமும் சரியாக இருந்தது. இப்படி ஒரு காட்சி இனி எப்போது வருமோ தெரியாது.

"என்ரை கண்ணெல்லோ" என்றார். "தாரும், நானே கொண்டுபோய் வைக்கிறன்."

கண்மலரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, அவவுடைய கொண்டையில் சிக்காமல் பார்த்து, கமராவை ஞானம்பிகையின் கழுத்தில் மாட்டிவிட்டு, கல்லில் குந்திச் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.